முதுமைக்குச் சேர்த்த கடலை

இறக்கை தளர்ந்த காலத்தில் தின்பதற்கென்று செவ்வந்தி என்ற காகம் நிலக்கடலைகளை ஐந்து இடங்களில் ஒளித்துவைத்தது.

"இத்தனை இடம் எதுக்குடி? வயசானா மறந்துடுவ," என்று சிரித்தது அதன் கணவன் கருவாயன். தன் கடலை அத்தனையையும், மூன்று வருடமாக ரோட்டோரம் நகராமல் நின்ற லாரியின் இடுக்கில் திணித்தது.

ஒருநாள் காலை லாரி கிளம்பிப் போய்விட்டது.

கருவாயன் கத்திக்கொண்டே பறந்து வந்தது.

"பதறாதீங்க," என்றது செவ்வந்தி. "ஓட்டுக்கடியில வச்சதை அணில் தின்னுடுச்சு. பூந்தொட்டியில புதைச்சது செடியா முளைச்சு நிக்குது. மத்த மூணு இடமும் பத்திரம். ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

மறுநாள் கருவாயன் ஒரே ஒரு நிலக்கடலைப் பருப்போடு வந்து நின்றது.

"செவ்வந்தி, இதை எப்படி அஞ்சா உடைக்கிறது?"