இரண்டாவது லட்டு

தாம்பூலப் பையிலிருந்து இரண்டு லட்டும் வெளியே வந்துவிட்டன.

ஆதிமூலம் பயந்தது இதற்குத்தான். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமலும் இருக்க முடியாது. போனால் பையைக் கொடுக்காமலும் விடமாட்டார்கள். தேங்காய், வெற்றிலை, தலைக்கு ஒரு லட்டு.

அமுதவல்லி ஒன்றைப் பிட்டுப் பிட்டுத் தின்று முடித்தாள். அது அவள் பங்கு.

மற்றது அவருடையது. வம்பே அதில்தான்.

“சக்கர இருக்கிற மனுஷன் எதுர இத வெக்கக் கூடாது. நானே தின்னுட்டுப் போறேன்” என்றாள்.

கல்யாண வீட்டுப் பண்டத்தைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. புருஷன் தின்னக் கூடாததைப் பெண்டாட்டி தின்று தீர்ப்பது அந்த வீட்டில் ஆறு நாளாகப் புதுச் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு பிறந்தநாள் கேக்கும் இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கலும் ஏற்கெனவே தீர்ந்திருந்தன.

ஆதிமூலத்தின் கண் அவள் கையை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் தொடங்கிய கூத்து இது. சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் தீபலட்சுமி, சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, வரும் எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட வேண்டும் என்பது உத்தரவு.

அப்பாவின் யோக்கியதை அவளுக்குத் தெரியும். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் மிச்சம் வைக்கிற கிரோசான் ரொட்டியையும் ஜாமையும் வீணாக்குவது பாவம் என்று நம்புகிறவர். அந்தப் புண்ணியமெல்லாம் வயிற்றில் சேர்ந்திருந்தது.

போட்டோ போனது. எண் 268.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து டாக்டரிடம் கூட்டிப்போவதாகவும், அதுவரை வாயைக் கட்டும்படியும் சொல்லி மகள் போனிலேயே அழுதாள்.

அன்றிலிருந்து ஆதிமூலம் வேறு ஆள். சர்க்கரை டப்பாவைத் தன் கையாலேயே கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்தார். கேழ்வரகுக் களி தனியாகத் தின்றால் தொண்டையில் இறங்கவில்லை என்று அவளையும் தின்ன வைத்தார். தனியாக நடந்தால் மயக்கம் வரும் என்று தினமும் சாயங்காலம் பீச் ரோட்டுக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனார். கால் எரிகிறது என்று அவள் காந்தி சிலையருகே உட்கார்ந்தால், இன்னும் கொஞ்ச தூரம் என்று கெஞ்சுவார்.

தெருவே சிரித்தது. உயிர்மேல் இவ்வளவு ஆசையா என்று அமுதவல்லியும் கேலி செய்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் நடுக்கம்தான். சர்க்கரையில்தான் அவள் அம்மாவுக்கு ஒரு கால் போனது.

ஆதிமூலத்துக்கோ மெஷினைக் கண்டாலே ஆகவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அதை பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டார். ஆறு நாளாகச் சரியான தூக்கமில்லை. நாளைக்கு ஞாயிறு.

லட்டு அவள் வாயருகே போய்விட்டது.

ஆதிமூலம் பாய்ந்தார். அவள் கையிலிருந்து பிடுங்கி, முழு லட்டையும் தன் வாயில் திணித்துக்கொண்டார். முந்திரி தொண்டையில் சிக்கிக் கண்ணில் நீர் முட்டியது.

“பாவி மனுஷா, ஒரு லட்டுக்காவா உயிர உடப் போற? நாளைக்கு வர்ற பொண்ணுகிட்ட நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

ஆறு நாள் பயமெல்லாம் சேர்ந்து அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே அவர் முதுகில் தட்டினாள். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் இரண்டு வாய் குடித்தார். மீதியை ஒரே மூச்சில் அவளே குடித்து முடித்தாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தாகம் அடங்குவதே இல்லை.

காலிச் சொம்பைப் பார்த்தபடி ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். இனி ஒரு நாள்கூட இதை மறைக்க முடியாது என்று பட்டது.

முந்தின நாள் தின்ற மூன்று கிரோசான் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, திங்கட்கிழமை காலையில் அவர் ஒரு திருட்டு வேலை செய்திருந்தார். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அமுதவல்லியின் விரலைக் கேட்டார். ரத்தத்தைப் பார்க்கப் பயந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். கண்ணாடிகூட மாட்டாமல் போட்டோ எடுத்து, தன்னுடையது என்று மகளுக்கு அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் கண்ணாடியை மாட்டி எண்ணைப் பார்த்தார்.

பதறிப்போய்த் தன் விரலைக் குத்தியபோது 104 வந்தது. அதை அவர் யாருக்கும் அனுப்பவில்லை.

தனக்கு அந்த நோய் வந்தால் தன்னிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம், கேட்ட உடனே செத்துவிடுவேன் என்று, அம்மாவின் காரியத்தன்று அமுதவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

ஆதிமூலம் எழுந்து பீரோவைத் திறந்தார். வேட்டிக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“வெரலக் குடு அமுதா.”

“எனக்கு எதுக்குங்க? அன்னிக்கே மெஷின் சரியாத்தான் இருக்குதுன்னீங்க?”

“சரியாத்தான் இருக்குது” என்றார்.

அவள் அன்றுபோலவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினாள்.

ஆதிமூலம் அந்த முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.