கேட்டுக்கு வெளியே ஒரு துஆ

"கம்பெனி வண்டி உன் வீட்டு வாசல்ல எதுக்குடி நின்னுச்சு?"

ஜுலேகா கேட்டதும், தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் மஸ்ஊதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மஸ்ஊதா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம். வெள்ளை வண்டி. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். எங்க எல்லாரையும் வெளிய தள்ளிட்டு, உனக்கு மட்டும் உள்ள இடம் போட்டுட்டாங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்லக்கா. எனக்கு யாரும் எந்த வேலையும் தரல."

"அப்போ உன் வீட்டு கூஸ்கூஸ் சாப்பிடத்தான் வந்தாங்களாக்கும்!"

சிலர் சிரித்தார்கள். மஸ்ஊதா சிரிக்கவில்லை. "செஞ்சுதான் வெச்சேன். வந்தவங்க ஒரு வாய்கூட வைக்காமப் போயிட்டாங்க," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. பாலைவன ஊரான தோல்கா முழுவதும் கடையடைத்துக் கிடக்கும் வெள்ளிக்கிழமையில்கூட அதற்கு ஓய்வில்லை. பெல்ட்டில் ஓடிவரும் பேரீச்சம்பழம் ஒவ்வொன்றையும் அது தன் கண்ணாடிக் கண்ணால் பார்க்கும். சொத்தை என்றால் காற்றால் ஊதித் தள்ளிவிடும். இத்தனை பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிய பழத்தை இப்போது அது ஒன்றே பொறுக்கியது.

அந்தப் பழம் பொறுக்கிய கூலியில்தான் ஜுலேகா வீட்டுக்குக் கூரை போட்டாள். மஸ்ஊதா மகனைத் தூரத்து நகரமான ஓரானில் படிக்க வைத்தாள். வர்தா தன் தாயின் வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டாள். இப்போது ஜுலேகா மகளின் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. பெண்களை ஏற்றிவந்த வேன்காரர் வேனை விற்றுவிட்டார். கேட்டருகே ரொட்டி சுட்டு விற்றவள்கூட அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"பேச்சை விடுங்க, பொழுது இறங்குது," என்றாள் வர்தா. அவள்தான் எல்லாரிலும் இளையவள். "மஸ்ஊதாக்கா, நீங்க ஓதுங்க. நாங்க ஆமீன் சொல்றோம்."

அதற்காகத்தான் கூடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, சூரியன் மறைவதற்குள் இறைவனிடம் கேட்கிற துஆ வீண்போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதிலும் அநியாயத்துக்கு ஆளானவர்கள் கேட்டால் நிச்சயம் பலிக்கும். யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மஸ்ஊதாதான் ஓதுவாள்.

"என்னன்னு கேட்கணும்?" என்றாள் மஸ்ஊதா.

"முதலாளியை விடுங்க. அவன் போனா இன்னொருத்தன் வருவான். அந்த மிஷினைச் செஞ்சான் பாருங்க, எந்த ஊரோ, யாரோ ஒரு இன்ஜினியராம், அவன் கை விளங்காமப் போகணும்னு கேளுங்க," என்றாள் வர்தா.

"அவனைப் பெத்தவ வயிறும் நம்ம வயிறு மாதிரியே எரியணும்னு சேர்த்துக் கேளு," என்றாள் ஜுலேகா.

மஸ்ஊதாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. ஏந்த மறுத்தால் இந்தப் பெண்கள் இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். இவர்களை விட்டால் அவளுக்கு ஊரில் வேறு யாருமில்லை. ஏந்திக் கேட்டுவிட்டாலோ, கேட்டபடியே நடந்துவிடும் என்று அவள் உயிராய் நம்பினாள்.

"சாபம் வேணாமேக்கா," என்றாள் மெல்ல.

"பார்த்தீங்களா? கம்பெனி போட்ட எலும்பு தொண்டையில சிக்கிக்கிச்சு!" ஜுலேகா சொல்லிக்கொண்டே பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அதை இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டு மஸ்ஊதாவின் கைக்கு வந்தது.

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? திட்டறது வேற, பசி வேற. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நேத்திலேர்ந்து நீ எதுவும் தின்னல. தின்னுத் தொலை. தெம்பா ஓது."

அவ்வளவு நேரம் ஏச்சுக்குக் கலங்காத மஸ்ஊதாவின் கண்கள் அந்த ரொட்டியைப் பார்த்ததும் நிறைந்துவிட்டன. அதை மடியில் வைத்துவிட்டு, மெதுவாகக் கைகளை ஏந்தினாள். எல்லாரும் ஏந்தினார்கள்.

"யா ரப்பே, எங்க யார் வீட்டு அடுப்பும் அணையாமப் பார்த்துக்கோ."

"ஆமீன்."

"வர்தாவோட அம்மாவுக்கு சுகத்தைக் கொடு. ஜுலேகாக்கா மக கல்யாணத்தை நல்லபடியா நடத்திக் கொடு."

"ஆமீன்," என்று ஜுலேகாதான் முதலில் சொன்னாள்.

மஸ்ஊதா ஏந்திய கைகளை முகத்தருகே கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மிஷினைச் செஞ்சவனை மன்னிச்சிடு ரப்பே. பழம் பொறுக்கிப் பொறுக்கி வெடிச்சுப் போன ஏதோ ஒரு பொம்பளையோட விரலைப் பார்த்துட்டு, இனி யாருக்கும் இந்தக் கஷ்டம் வேணாமேன்னுதான் செஞ்சிருப்பான். இப்படி ஆகும்னு தெரிஞ்சிருக்காது. அவன் கையைக் காப்பாத்து. அவனைப் பெத்தவளுக்குப் பொறுமையைக் கொடு."

யாரும் ஆமீன் சொல்லவில்லை. மிஷினின் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஜுலேகா விருட்டென்று எழுந்தாள். "நம்ம வயித்துல அடிச்சவனுக்கா துஆ? எவளோ ஒருத்தி பெத்த பாவிக்கு நீ ஏன்டி அழுவுற?"

மஸ்ஊதா ஏந்திய கைகளை இறக்கவில்லை.

"நேத்து அந்த வெள்ளை வண்டியில வந்தவன் அவன்தான்க்கா. பெத்தவ எவளோ இல்ல... நான்தான்."