சுவரோடு பேசுகிற பிள்ளை

மருந்துக் கரண்டியைக் கண்டதும் அழகம்மா வாயைத் திறந்தாள். அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் அவள் தாய் அம்மாக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை, வாய் ஓயாதவள். நேற்றிலிருந்து ஒரு சொல் இல்லாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறாள்.

எல்லாம் இந்தச் சுவரால் வந்த வினை.

சுவருக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பரா. அங்கிருந்த ராசம்மாவுக்குப் புருஷன் செத்ததும் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே விரட்டிவிட்டார்கள். அவள் றொசல்லை ஸ்டேஷனில் ரயிலேறியதை ஊரே பார்த்தது. காம்பராவுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகும், தாய் கொழுந்தெடுக்கப் போன நேரமெல்லாம், பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள் என்றால் பெற்ற வயிறு என்ன பாடுபடும்!

தோட்டத்து டாக்டரையா பிள்ளையின் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் பைத்தியம் தெரியுமோ என்னவோ, கொண்டுபோன போத்தலில் சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தார். இதற்கும் பேச்சு நிற்காவிட்டால் கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் என்றார்.

நின்றுவிட்டது. பொல்பிட்டியப் பக்கம் வேலைக்குப் போன புருஷனும் வரவில்லை. வீட்டில் அம்மாக்கண்ணுவோடு பேச இப்போது ஒருவரும் இல்லை.

கரண்டி பிள்ளையின் உதட்டருகே போனது.

"அக்கா..." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராசம்மாவின் வறண்ட குரல் வந்தது. "பிள்ளைக்கு என்னாச்சு? நேத்துலருந்து தண்ணிகூட தரலியே."

அம்மாக்கண்ணு "ராசம்மா!" என்று கத்தியேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா கங்காணி பழனியாண்டி வாசலுக்கு வரவேண்டும்? "உள்ள யாரு? யாருகூட பேசிக்கிட்டிருக்க?"

ரயிலைவிட்டிறங்கித் திரும்பிவந்த ராசம்மா பூட்டிய காம்பராவுக்குள் ஒளிந்திருக்கிறாள்; உள்ளதைச் சொன்னால் போதும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று லயமே ஒப்புக்கொள்ளும். ராசம்மாவை மட்டும் மயிரைப் பிடித்து இழுத்துப் போவார்கள்.

"யாரிருக்காங்க, சுவருதான். எனக்கும் மகளோட வியாதி வந்திருச்சுங்க கங்காணியய்யா."

சொல்லிவிட்டு, அவர் கண்முன்னாலேயே கரண்டி மருந்தைத் தானே குடித்தாள்.

கங்காணி தலையிலடித்துக்கொண்டு போனார்.

அம்மாக்கண்ணு மூலையில் கிடந்த விறகை விலக்கினாள். சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. பிள்ளையின் தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு, அந்தச் சந்துக்குள் நீட்டினாள்.