கடைசி வரியில் ஒரு பெயர்

இராணுவப் பயிற்சியில் மிகக் கடினமானது முதுகுச் சுமையோடு ஓடுவதுதான் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது முறையல்ல. ஓட்டத்துக்குக் கால்கள் பழகிவிடும். கடினமானது ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும்.

ஏழாவது வாரம் அந்தத் தாள் வரும். குழுவில் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரையும், சிறந்தவனில் தொடங்கி, வரிசையாக எழுத வேண்டும். தன் பெயரை எழுதக் கூடாது. கையெழுத்து வேண்டாம். கடைசி வரியில் யார் பெயர் அதிகம் வருகிறதோ, அவனுடைய மதிப்பெண்களும் மோசமாக இருந்தால், அவன் வேறு பிரிவில் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

குழுத் தலைவன் ஹாலரனுக்கு வயது பத்தொன்பது. ஓட்டத்தில் முதல், சுடுவதில் முதல். அமெரிக்க இராணுவத்தின் ஏழு நற்குணங்களை அச்சிட்ட அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கும் அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை.

அன்று மதியம், மிசௌரி வெயிலில், துப்பாக்கி துடைக்கும் நேரம். சிமென்ட் தரையில் அவன் குழுவினர் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், ஏழு நற்குணம் வருதுடா," என்றான் ரூயிஸ்.

பேச்சு நின்றது. ஆறு பேருக்கும் துப்பாக்கிக் குழாய்மேல் திடீரென்று பெரும் அக்கறை பிறந்தது.

"என்ன பேச்சு?" என்றான் ஹாலரன்.

"சும்மா, வெயிலைப் பத்தி, தலைவரே."

டட்டிலைப் பற்றித்தான் என்பது ஹாலரனுக்குத் தெரியும். ஓட்டத்தில் கடைசியாக வருபவன் டட்டில். அவனால் குழு முழுக்கத் தண்டால் எடுத்த நாட்கள் உண்டு. ஆறு பேர் கூடி ஒருவனைக் கவிழ்ப்பது ஈனம் என்று நினைத்துக்கொண்டு, ஹாலரன் தூணருகே போய்த் தனியாக உட்கார்ந்தான். ஏழு வாரமாக அதுதான் அவன் இடம்.

டட்டில் தாமதமாக வந்து, வட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹாலரன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஹாலரன், என்னை அனுப்பிடுவாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி விட்டாங்க. இன்னொரு தடவைன்னா வீட்டுக்குத்தான்."

சேரும்போது வீட்டு விலாசம் கேட்ட இடத்தில், நெப்ராஸ்காவில் தான் பாத்திரம் கழுவிய ஓட்டலின் விலாசத்தை எழுதியவன் டட்டில்.

"நான் உள்ளதைத்தான் எழுதுவேன்," என்றான் ஹாலரன். "அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே."

"அது போதும்பா," என்றான் டட்டில், உண்மையான நிம்மதியோடு.

மூன்று மணிக்குத் தாள் வந்தது. ஹாலரன் ஆறு பெயர்களை எழுதிவிட்டுக் கடைசி வரியில் கொஞ்சம் நின்றான். அவர்கள் வெறுப்பில் எழுதுவார்கள், நான் நேர்மையில் எழுதுகிறேன் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான். பிறகு எழுதினான்.

நான்கு மணிக்கு, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் டிரில் சார்ஜென்ட் மேப்ரி தாள்களோடு வந்து நின்றாள். ஆள் ஐந்தடி, குரல் ஆறடி.

"கடைசி வரி படிக்கிறேன். ஹாலரன். ஹாலரன். ஹாலரன். ஹாலரன். ஹாலரன். ஹாலரன்."

ஹாலரன் நேராகவே நின்றான். நேராக நிற்பது அவனுக்கு நன்றாக வரும்.

"ஆறு பேரும் கூடிப் பேசி எழுதினீங்களா?"

ரூயிஸ் ஓரடி முன்னால் வந்தான்.

"ஆமா, டிரில் சார்ஜென்ட். என் யோசனைதான்."

"அவன்மேல என்னடா கோபம்?"

"கோபம் இல்ல, டிரில் சார்ஜென்ட். டட்டிலுக்குக் கடைசி வரி விழுந்தா அவன் கதை முடிஞ்சுது. ஹாலரனுக்கு விழுந்தா ஒண்ணும் ஆகாது, அவன் மார்க்கு அப்படி. தாங்குறவன் தலையில போட்டோம்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

ரூயிஸ் இல்லையென்று தலையாட்டினான்.

"கேட்டா உடனே உங்ககிட்ட வந்து சொல்லிடுவான், டிரில் சார்ஜென்ட்."

மேப்ரி ஏழாவது தாளை எடுத்தாள்.

"டட்டிலுக்கும் ஒண்ணு விழுந்திருக்கு."

ஆறு பேர் எழுதியதும் தெரிந்துவிட்டது. தன் பெயரை யாரும் எழுத முடியாது. மிச்சக் கணக்கைக் குழுவில் எல்லோரும் மனதுக்குள் போட்டார்கள். ஒருவரும் ஹாலரன் பக்கம் திரும்பவில்லை.

"எட்டாவது தாள்ல கடைசி வரி காலி. எந்த மேதாவி?"

"நான்தான், டிரில் சார்ஜென்ட்," என்றான் டட்டில்.

"ஏழு பேர் எழுதச் சொன்னா ஏழு பேர் எழுதணும். கை வலிச்சுதா?"

"கடைசின்னு சொல்ல யாரும் கிடைக்கல, டிரில் சார்ஜென்ட்."

"முதல் வரி மட்டும் அழுத்தி எழுதியிருக்கே. ஹாலரன்னு."

"உள்ளதைத்தான் எழுதுவேன்னு சொன்னான், டிரில் சார்ஜென்ட். அப்படிச் சொல்றவன்தானே முதல்ல வரணும்?"

மேப்ரி தாள்களை மடித்துப் பையில் வைத்தாள்.

"படு. இருபது. தலைவன் எண்ணட்டும்."

டட்டில் தரையில் கையூன்றித் தண்டால் எடுக்கத் தொடங்கினான்.

ஹாலரனால் பன்னிரண்டு வரைதான் எண்ண முடிந்தது. மீதியை ரூயிஸ் எண்ணினான்.