பீரோ சாவி

“மிட்டாய் மாதிரி முழுங்குறான் டாக்டர்! மாசத்துக்குக் குடுத்த தூக்க மாத்திரை பாதி மாசத்துலயே காலி. இன்னும் கொஞ்சம் எழுதிக் குடுங்க.”

மனநல டாக்டரம்மா முன்னால் அண்ணன் குமுறினார். தையல்காரர். ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. பக்கத்தில் தம்பி கல்லுளிமங்கனாட்டம் உட்கார்ந்திருந்தான்.

“மாத்திரையை எங்க வச்சிருக்கீங்க?”

“நீங்க சொன்னபடி பீரோவுல பூட்டித்தான். சாவி என் கழுத்தை விட்டு எறங்காது.”

சட்டைக்குள்ளிருந்து இழுத்துக் காட்டினார்.

“அப்புறம் இவன் எப்படி எடுத்தான்?”

அண்ணன் சாவியை அவசரமாகச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

தம்பி முந்திக்கொண்டான். “அண்ணன் தூங்கும்போது சாவியைக் கழட்டிடுவேன் டாக்டர்.”

“கேட்டீங்களா, என்னா நெஞ்சழுத்தம்!” என்றார் அண்ணன், சுரத்தில்லாமல்.

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியாயிற்று!

“அப்போ வார்டுல சேர்க்க வேண்டியதுதான்.”

“ஐயோ, இப்பத்தான் இவனுக்கு அச்சாபீஸ்ல வேலை கெடைச்சிருக்கு. வார்டுன்னா அது போயிடுமே!” அண்ணன் பதறினார்.

“வேற வழியில்ல. நீங்க வெளிய இருங்க.”

அண்ணன் தயங்கித் தயங்கி எழுந்து போனார்.

டாக்டரம்மா வார்டில் சேர்க்கும் சீட்டை எழுதத் தொடங்கி, தம்பியை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மாத்திரையை அள்ளிப் போட்டவன் கண்ணா இது?

“நீ தூங்கி எத்தனை நாளாச்சு? உண்மையைச் சொல்லு.”

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“அண்ணி தவறினதுலேருந்து அண்ணனுக்குப் பொட்டுத் தூக்கமில்ல டாக்டர். இப்ப என் மாத்திரையைப் போட்டுத்தான் தூங்குறாரு. மயக்கம் தெளியாமலே மிஷின்ல உக்காந்து, ஊசி விரல்ல ஏறிடுச்சு. பயமா இருக்கு.”

“அவரே என்கிட்ட வரலாமே?”

“பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறவன்னு தெரிஞ்சா எவன் துணி தைக்கக் குடுப்பான்னு பயப்படுறாரு.”

சொந்தத் தம்பி மேல் பழி போட மட்டும் பயமில்லையாக்கும்! டாக்டரம்மா சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணனைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

தம்பி அவசரமாகக் குறுக்கிட்டான்.

“துணைக்கு வர்றவங்களுக்கும் செக்கப் பண்றது இங்க வழக்கம்னு சொல்லுங்க டாக்டர். மாத்திரைத் திருடன் நானாவே இருந்துட்டுப் போறேன்!”