மாப்பிள்ளையின் சிப்பாய்

கொஸ்லந்தயிலிருந்து பதுளையில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த பூவம்மா, மேசையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். கையளவு சிப்பாய் சிலை. மார்புக் கவசம் முழுக்கத் துரு, கழுத்தோரம் கறுப்பாய் அழுக்கு.

"சீ! இந்தக் கருமத்தையா மாப்பிள்ளை நாளைக்குக் கண்காட்சிப் போட்டிக்குக் கொண்டு போறாரு? பாக்குறவன் காறித் துப்புவானே!"

மகள் வேலைக்குப் போயிருந்தாள். பாவம், மாப்பிள்ளையின் மானம் போகக்கூடாதே என்று, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.

மாலையில் மாப்பிள்ளை தினுஷன் வந்தான்.

"பாருங்க மாப்பிள்ளை, துருவெல்லாம் போயி வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தே, அது பிளாஸ்டிக்குங்க. அந்தத் துருவைத்தான் நான் ஒரு மாசமா உக்காந்து பெயிண்டுல தீட்டினேன்."