தன்வினை

“எரிக்கப்பட்டது எண்டு போடாதை, பிள்ளை,” என்றார் செல்வத்துரை, மூன்றாவது தடவையாக.

தனுஷிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பருத்தித்துறையில் ஒரு சட்டத்தரணியிடம் சத்தியக்கடதாசி தட்டச்சுச் செய்பவள் அவள். இந்த ஒரு வரிக்கே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

“அப்ப என்னத்தைப் போட, ஐயா? தீ வைக்கப்பட்டது?”

“அதிலையும் ஆரோ வைச்சது எண்டுதானே வருது.”

“ஆரோ வைச்சதுதானே!” பக்கத்துக் கதிரையிலிருந்து மகன் லக்சன் சீறினான். “கரையிலை நிண்ட எங்கடை வள்ளத்தை ஜெரிசன்தான் கொளுத்தினவன், அக்கா. அவனோடை எங்களுக்கு வலைப் பிரச்சினை. பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கு. அப்பா கையெழுத்து வைச்சா அவன் உள்ளைதான். ஆனா, அண்ணையைக் கடல் கொண்டுபோனதிலையிருந்து நான் தொழிலுக்குப் போறதே இவருக்குப் பிடிக்கேல்லை. எல்லாத்துக்கும் இழுவை.”

செல்வத்துரை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “வள்ளம் நீறிப்போச்சு எண்டு போடலாமோ? அதுக்கு என்ன கருத்து, பிள்ளை? எங்கையிருந்து வந்த சொல்லு?”

தனுஷிகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு வருடம் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தது இதற்குத்தானா?

“நெத்தியிலை பூசிற திருநீறுதான், ஐயா. நீறு எண்டா சாம்பல். நீறினது எண்டா தானா எரிஞ்சு சாம்பலானது. நீற்றினது எண்டா ஒராள் எரிச்சுச் சாம்பலாக்கினது. ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. இது சத்தியம் பண்ணிக் குடுக்கிற கடதாசி, பொய் எழுதேலாது.”

“தானா நீறினது எண்டாலும் பொய்தானே,” என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார்.

“வேறை என்ன அப்பா? அவனுக்கு ஏன் பாவம் பாக்கிறியள்? நாலு பிள்ளையளை வைச்சிருக்கிறான் எண்டோ?” லக்சன் எழுந்தே விட்டான்.

கிழவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“சரி. நீற்றினது எண்டே போடு, பிள்ளை.”

தனுஷிகா பெருமூச்சோடு தட்டினாள். “அப்பாடா! இனி, ஆர் நீற்றினது? முழுப் பேரைச் சொல்லுங்கோ.”

“கந்தையா செல்வத்துரை.”